அலசுகிறவள்

காலையில் ஒட்டிய லேபிள்களில் படத்துப் பெண்ணின் கையில் ஈட்டிதான் இருந்தது. மத்தியானம் வந்த லேபிள் கட்டைப் பிரித்து முதல் தாளுக்குப் பசை தடவும்போதுதான் ஞானசுந்தரி கவனித்தாள். ஈட்டியைக் காணோம். ஆற்றில் முழங்கால் வரை இறங்கி நின்ற அந்தச் சீமைக்காரி, இரண்டு கையாலும் எதையோ பிழிந்துகொண்டிருந்தாள்.

நாரணாபுரத்தில் இருந்த அந்தப் பட்டாசுக் கம்பெனியில் போன வருஷம் வரை பெட்டிக்குப் பெட்டி லட்சுமி படம்தான். சாமி கிழிந்து காலில் மிதிபடுகிறதென்று ஆட்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். அதனால் 2005 சீசனுக்குச் சின்ன முதலாளி ஹரிபிரசாத் ஏதோ வெளிநாட்டுப் புத்தகத்திலிருந்து இவளைப் பிடித்து அச்சடித்து, காலையில் தானே கொண்டுவந்து காட்டினார்.

"இவ பேரு மோரிகன். அயர்லாந்துப் பக்கத்துப் பழைய சண்டைச் சாமி. சண்டைக்கு முன்னால ஆத்துல எறங்கி, சாகப்போறவன் உடுப்ப அலசுவாளாம். நம்ம சாமியா என்ன? வெடிச்சுச் செதறினா யாரு கேக்கப்போறா?"

"அங்கனயும் பொம்பளைதான் துணி தொவைக்கணுமாக்கும்," என்றாள் பக்கத்தில் இருந்த குருவம்மாள். ஷெட்டே சிரித்தது.

இப்போது சிரிப்பில்லை. கூரை வெயிலில் முறுகுகிற சத்தம், நாற்பது பிரஷ்கள் அட்டையில் உரசுகிற சத்தம், தொண்டையில் அப்பிக்கொள்ளும் கந்தக நெடி. எல்லாவற்றுக்கும் அடியில் ஈரத்துணி கல்லில் விழுகிற ஓசை. கம்பெனித் தொட்டியோ வற்றி மூன்று நாளாகிறது.

"மதினி, ஒங்க லேபிள்ல அவ கையில என்ன இருக்கு?"

"ஈட்டிதான். அவளையே பாத்துக்கிட்டிருந்தா ஆர்டர் முடியுமா? ஒட்டு தாயி," என்றாள் குருவம்மாள்.

அடுத்த தாள். துணியில் கோடுகள் தெரிந்தன. அதற்கடுத்தது. பச்சைக் கோடு. இன்னொன்று. தோள்பட்டையில் கறுப்பு நூலில் ஒரு கோணல் தையல்.

நேற்று ஞானசுந்தரி போட்ட தையல். புருஷன் முனியராஜின் சட்டை.

அவன் வெடிமருந்து கலக்கும் அறையில் இருந்தான். வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டிய வேலை; சூடேறினால் பற்றிக்கொள்ளும். ஆர்டர் நெருக்கியதால் உச்சிப் பொழுதிலும் ஓடியது.

ஓடினாள். போர்மேன் சோலைச்சாமி வழிமறித்தார்.

"புருஷனப் பாக்காம அர நாள் இருக்க முடியலையோ?"

"அண்ணாச்சி, எங்க மாமியாருக்கு நெஞ்சுவலின்னு ஆள் வந்திருக்கு. அவுகள அனுப்பிவிடுங்க." பொய் தானாக வந்தது.

"கூட்டிட்டுப் போ. நாளைக்கும் அங்கனயே இருக்கச் சொல்லு."

முனியராஜ் வந்தான். இமையெல்லாம் வெள்ளிப்பொடி. கேட்டுக்கு வெளியே இழுத்துப் போனபிறகுதான் கையை விட்டாள்.

"ஆத்தாளுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்காக."

"கூறுகெட்டவளே! எம்பொழப்புல மண்ணப் போட்டுட்டியே!"

வைதான். வையட்டும். உயிரோடு வைதான்.

முந்தானையில் ஒட்டிக்கொண்டு வந்திருந்த லேபிளைப் பிய்த்துப் பார்த்தாள். சட்டை இல்லை. மோரிகனும் இல்லை. வெறும் ஆறு.

உள்ளே ஈரத்துணி விழுகிற ஓசை நிற்கவில்லை. வேகமாகியிருந்தது.

ஷெட் வாசலுக்குத் திரும்பி ஓடினாள். ஒருவரும் தலை நிமிரவில்லை. பெட்டிக்கு இத்தனை என்று கூலி, எவள் நிமிர்வாள்? ஞானசுந்தரி உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு நெடிய முதுகு. இடுப்பு வரை ஈரக்கூந்தல். எதிரே சேலைக்குவியல், மேலே ஓர் ஊதாச் சேலை. ஒவ்வொன்றாக எடுத்தாள். அலசினாள். பிழிந்தாள். கணுக்கால் தண்ணீரில் முங்கியிருந்தது. சிமெண்டுத் தரை காய்ந்துகிடந்தது.

"மதினி! எந்திரிங்க! எல்லாரும் எந்திரிங்க!"

குருவம்மாள் மட்டும் முகம் தூக்கினாள்.

"வந்துட்டியா தாயி? ஒக்காரு. லோடு ஏத்தணுமாம்ல."

பிரஷைப் பசையில் தோய்த்தாள். அவள் உடுத்தியிருந்த ஊதாச் சேலையின் மடியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அடுத்தவள் மடியிலிருந்தும். அதற்கடுத்தவள் மடியிலிருந்தும். வரிசை முழுக்க.

சிவப்பாக.