வீட்டார் கையால் வளர்த்த தோட்டம்

காலை வெயில் தெருப்பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. சூரியகாந்திகள் அத்தனையும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, படுக்கையறை ஜன்னலைப் பார்த்து நின்றன.

செயலாளர் திரையை விலக்கிய கையோடு அப்படியே நின்றார். குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் என்பதால் தெருவில் அவரை எல்லோரும் செயலாளர் என்றுதான் கூப்பிட்டார்கள். வீட்டிலும் அப்படியே கூப்பிட்டால் அவருக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் வீட்டில் இருந்தது மனைவி மட்டும்தான். அவளுக்கு அந்த யோசனை இன்னும் வரவில்லை. எதற்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பவர் அவர். செடிகளுக்கும் மரியாதை தெரிந்திருக்கிறது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார். விளக்கம் நன்றாகத்தான் இருந்தது. முதுகில் ஏறிய சில்லிப்புதான் இறங்கவில்லை.

அந்தக் கோடையில் தெருவே கருகிக் கிடந்தது. குழாயைத் திறந்தால் காற்று மட்டும் உஸ்ஸென்று வந்தது. எதிர்வீட்டுப் பல் டாக்டரின் ரோஜாக்கள் கையால் தொட்டால் பொடியாகிவிடும் நிலையில் இருந்தன. செயலாளர் வீட்டு வாசலில் மட்டும் ஜினியா, கோழிக்கொண்டை, வாடாமல்லி, பத்துமணிப்பூ என்று சிவப்பும் மஞ்சளும் ஊதாவும் ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு பூத்துக் கிடந்தன. படியோரத்து ஜினியா ஒன்றுதான் வெள்ளை.

"ஏங்க, தண்ணி எங்கேருந்து ஊத்துறீங்க?" என்றாள் மனைவி.

"நீதானே ஊத்துற?"

"நல்லா இருக்கே கதை! நாம குளிக்கவே வழியில்லையாம், உங்க பூவைக் குளிப்பாட்டணுமாம்!"

அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால், அவரும் ஊற்றவில்லை.

ஊற்ற வேண்டியவன் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. தோட்டப் போட்டிக்கு ஒரே ஒரு விதிதான்: 'வீட்டார் கையால் வளர்த்த தோட்டமாக இருக்க வேண்டும்.' அந்த விதியை எழுதியவரே செயலாளர்தான். அலமாரியில் வரிசையாக நிற்கும் கோப்பைகள் எல்லாம் அந்த விதியின்கீழ் வாங்கியவை. அத்தனைக்கும் செடி வளர்த்தது பின்வாசல் வழியாக வந்துபோன தோட்டக்காரன். இந்த வருடம் பல் டாக்டர் மதிலுக்கு மேல் எட்டிப் பார்க்க ஆரம்பித்ததும் செயலாளர் அவனை நிறுத்திவிட்டார். அடுத்த வாரமே சங்க இதழுக்காகப் படம் எடுக்க வந்தார்கள். கையில் கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டு ஒரு போஸ் கொடுத்தார். வாழ்நாளில் தொடாத சாமான். விரலைக் கடித்துவிட்டது. ஒரு சொட்டு மண்ணில் விழுந்தது.

படக்காரர் பதறினார். செயலாளர் சந்தர்ப்பத்தை வீணாக்குகிறவர் அல்ல.

"எழுதிக்கோங்க தம்பி. இது நான் ரத்தத்தை ஊத்தி வளர்த்த தோட்டம்."

அதுவரை வியர்வை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். ரத்தம் என்றதும் கேட்பவர்கள் முகமே மாறுவதைப் பார்த்தார், பிடித்துப் போயிற்று. தபால்காரரிடம் சொன்னார். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரிடம் சொன்னார். பல் டாக்டரிடம் இரண்டு தடவை சொன்னார். சொன்ன மறுநாள் எல்லாம் புதிதாக ஒரு வரிசை பூத்தது. விரல் காயம் மூடவில்லை, வலிக்கவும் இல்லை. பிளாஸ்திரியைப் பிரித்தால் ஒரு துளிக் கறை கிடையாது, ஒட்டியபோது எப்படி இருந்ததோ அப்படியே வெள்ளையாக இருந்தது. மோதிரம் தானாகக் கழன்று விழுந்தது. ரத்தப் பரிசோதனைக்குப் போனபோது அந்தப் பெண் இரண்டு கையிலும் குத்திப் பார்த்துவிட்டு, "நரம்பெல்லாம் ஒளிஞ்சுக்குது சார், பெரிய ஆள்னு பயப்படுது போல," என்றாள். அவரும் பெருந்தன்மையாகச் சிரித்துவிட்டு வந்தார்.

இப்போது வாசலில் இறங்கினார். பூவாசனை இல்லை. பழைய நாணயங்களைக் கைக்குள் வெகுநேரம் பொத்திவைத்துத் திறந்தால் வருமே, அந்த வாசனை. குனிந்து கோழிக்கொண்டையின் அடியில் மண்ணைத் தொட்டார்.

ஈரம்.

வெதுவெதுப்பான ஈரம். விரல்கள் ஒட்டிக்கொண்டன. மண்ணுக்குள் ஏதோ துடித்தது, மெல்ல, விட்டுவிட்டு. அவர் தன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. வெகுநேரம் கழித்து ஒன்று. அதே நேரத்தில் மண்ணிலும் ஒன்று.

மத்தியானம் நடுவர்கள் வந்தார்கள். பின்னாலேயே பல் டாக்டர், யாரும் அழைக்காமல். தலைமை நடுவர் குடையை மடக்கிவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இந்த வெயில்ல இது எப்படி சார் சாத்தியம்?"

எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள். சொல்லிச் சொல்லித் தேய்ந்த வசனம், நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போதுதான் கவனித்தார். காற்று இல்லை. ஆனாலும் பூக்கள் அசைந்தன. ஒவ்வொரு தலையாக அவர் பக்கம் சாய்ந்தது. இலைகளுக்குள்ளிருந்து சத்தம் வந்தது, பசியோடு பந்தியில் உட்கார்ந்தவர்கள் நாக்கைச் சப்புக்கொட்டுவதுபோல.

இன்னும் ஒரு தடவை சொன்னால், உடம்பில் ஊற்ற எதுவும் மிச்சமில்லை.

"நான்... நான் வளர்க்கலைங்க."

பல் டாக்டரின் காது நிமிர்ந்தது. "அப்ப யாரு சார்? ஆள் வெச்சீங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. கோப்பை போகும். பழைய கோப்பைகளும் போகும். பல் டாக்டர் அதைச் சாகும்வரை சொல்லிக் காட்டுவார். செயலாளர் உதட்டை நனைத்துக்கொண்டார். வேறு யார்? வீட்டார் கை. வீட்டார் என்றால்...

தண்ணீர் டம்ளர்களோடு தட்டை ஏந்திக்கொண்டு மனைவி படியில் இறங்கி வந்தாள்.

"இவதான்," என்றார்.

பூக்கள் அசையவில்லை. காத்திருந்தன. அரைகுறையாகச் சொன்னால் செல்லாது. அவருக்கே தெரிந்தது. முழுசாகச் சொல்ல வேண்டும்.

"இவதாங்க ரத்தத்தை ஊத்தி வளர்த்தவ."

கைதட்டினார்கள். தலைமை நடுவர் தழுதழுத்தே போனார். "மனைவிக்குப் பேரைக் கொடுக்கிற மனுஷனை இன்னிக்குத்தான் சார் பார்க்கிறேன்!"

"என்னங்க இது, வெயில்ல நின்னு மூளை கலங்கிடுச்சா?" என்றாள் அவள். ஆனால் சிரித்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயால் ஒரு நல்ல வார்த்தை கேட்டிராதவள். கன்னம் சிவந்து போயிற்று. பெண் பார்க்க வந்தபோது பார்த்த சிவப்பு. அதை அவர் மறந்தே போயிருந்தார்.

தண்டுகள் முறுகும் சத்தம் கேட்டது. ஒன்று. இன்னொன்று. பிறகு எல்லாம்.

அவர் விரல் சுரீரென்று வலித்தது. பிளாஸ்திரியில் ஒரு சிவப்புப் புள்ளி. கைகால்களில் சூடு திரும்பிக்கொண்டிருந்தது. நிம்மதி. அந்த நிம்மதியைக் கண்டு அவருக்கே குலை நடுங்கியது.

"உள்ள போ," என்றார். குரல் எழும்பவில்லை. கைதட்டல்.

"என்னமோ தெரியலைங்க, திடீர்னு குளிருது," என்றாள் அவள், உச்சி பிளக்கும் வெயிலில். டம்ளர்கள் தட்டில் கடகடவென்று ஆடின.

தோட்டம் முழுக்க அவளைப் பார்த்து நின்றது. அவள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அவள் கன்னத்துச் சிவப்பு மெதுவாக, இழை இழையாக, படியோரத்து வெள்ளை ஜினியாவின் இதழ்களில் ஏறிக்கொண்டிருந்தது.