கிணற்றடியில் காட்டிய முகம்

முள்ளியவளையில் புதிதாகக் குடிவந்த வீட்டில் சாமான்களை இறக்கி முடித்த கையோடு கலிஸ்ரா பின்வளவுக்குப் போனாள். அங்கே ஒரு பழைய கிணறு. அதன் சுற்றுக்கட்டு முழங்கால் உயரம்தான்.

கடற்கரையில் வளர்ந்தவளுக்குக் கிணற்றில் என்ன பயம்? அவளுடைய ஊரில் மணலில் தோண்டிய பூவல்தான். குனிந்தால் கையாலேயே தண்ணீர் அள்ளலாம். பூவலடியில் எல்லாத் தாய்மாரும் செய்வதைப்போல, நடைபழகும் மகள் யதுசாவைத் தூக்கிப் பிடித்து இந்தக் கிணற்றுத் தண்ணீரிலும் முகம் காட்டினாள்.

"ஆர் அது? பாப்பாவோ?"

தண்ணீர் எங்கோ ஆழத்தில் கறுப்பாகக் கிடந்தது. பாசி மணத்தோடு அழுகிய பூவின் மணமும் மேலே வந்தது. பிள்ளை கீழே பார்த்துச் சிரித்தாள். கலிஸ்ராவும் சேர்ந்து சிரித்தாள்.

அதுதான் அவள் விட்ட பிழை.

அதன்பிறகு பிள்ளையை இறக்கிவிட்டால் கிணற்றடிக்குத்தான் ஓட்டம். சுற்றுக்கட்டின்மேல் வயிற்றை வைத்து எட்டிப் பார்ப்பாள். கணவன் யூட்சன் கடலுக்குப் போய்விட்டால் வீட்டில் இவள் ஒருத்திதான். அடுப்பைப் பார்ப்பதா, பிள்ளையைப் பார்ப்பதா? ஒரு பழைய தகரத்தை இழுத்துக் கிணற்றை மூடினாள். விடிந்து பார்த்தால் தகரம் வளவு மூலையில் நின்ற பூவரசடியில் கிடந்தது. காற்றாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

பிள்ளையின் நிறை பார்க்க வந்த குடும்பநல மாது கௌசலாவிடம் சொல்லி அழுதாள்.

"அடிச்சு வேலையில்லை, அம்மா. இந்த வயதில பிள்ளை உங்கட முகத்தைப் பாத்துத்தான் எது நல்லது, எது கூடாதெண்டு படிக்குது. கிணத்தடியில பயந்த முகம் காட்டுங்கோ. திரும்பத் திரும்பக் காட்டினா மூளை அந்தப் பயத்தையும் கிணத்தையும் ஒண்டாச் சேத்து முடிச்சுப் போட்டுவிடும். எதுக்கும் கிணத்தின்ர சுத்துக்கட்டையும் உயத்திக் கட்டுங்கோ."

"ஓம் மிஸ். அவர் வந்து கட்டுவார்."

கலிஸ்ரா பிள்ளையைக் கிணற்றடியில் பிடித்து நிறுத்தினாள். கண்ணை உருட்டி, வாயைப் பிளந்து, நடுங்கிக் காட்டினாள். பிள்ளை அவளைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. பிறகு திரும்பிக் கிணற்றுக்குள் பார்த்தாள்.

சிரித்தாள்.

மறுநாளும் அப்படித்தான். மேலே ஒரு பார்வை, கீழே ஒரு பார்வை. இரண்டு முகங்களில் எதை நம்புவது என்று யோசிப்பதுபோல.

கீழே யாரோ வேறு பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

சில நாட்களில் குசினி அடுப்படியில் வாயில் சோறு தீத்தப் போனாலே பிள்ளை வீரிட்டு அழத் தொடங்கினாள். பயம் ஒட்டிக்கொண்டதுதான், ஆனால் கிணற்றோடு அல்ல, தாயின் முகத்தோடு.

"அம்மா அல்லோ செல்லம்... என்னைப் பாரன்."

பிள்ளை திமிறிக்கொண்டு கிணற்றுப் பக்கம் கையை நீட்டினாள். கலிஸ்ரா கோபத்தோடு போய்க் கிணற்றுக்குள் குனிந்து பார்த்தாள்.

கீழே அவளுடைய முகம்தான் தெரிந்தது.

இவள் அழுதுகொண்டிருந்தாள்.

அது அழவில்லை.

அன்று மத்தியானம் கடலிலிருந்து வீடு திரும்பிய யூட்சனிடம் தண்ணீரில் கண்டதைச் சொன்னாள்.

"தண்ணி ஆடினா முகம் அப்பிடித்தான் தெரியும்," என்றான் அவன். ஆனாலும் சாப்பிட்ட கை காய முன்னமே, கிணற்றைச் சுற்றி வேலி அடைக்கக் கதியால் தடிகள் வெட்ட இறங்கினான். "நீ பிள்ளையைப் பாத்துக்கொள்."

கலிஸ்ரா குசினி வாசலில் நின்றாள். பிள்ளை காலடியிலிருந்து நழுவிக் கிணற்றை நோக்கி நடந்தாள். கலிஸ்ரா ஓடிப் பிடிக்க நினைத்தாள், கால் எழவில்லை. கத்த நினைத்தாள், குரல் வரவில்லை. மிச்சமிருந்தது முகம் மட்டும்தான். இருக்கிற பயத்தையெல்லாம் திரட்டி அந்த முகத்தில் காட்டினாள்.

பிள்ளை திரும்பிப் பார்த்தாள். இந்தமுறை அழவில்லை. கையைத் தட்டினாள். தட்டிக்கொண்டே கிணற்றுச் சுற்றுக்கட்டின்மேல் ஏறினாள்.

கதியாலை எறிந்துவிட்டு ஓடிவந்த யூட்சன், பிள்ளையை விளிம்பில் வைத்துப் பறித்தெடுத்தான்.

"விசரே உனக்கு? பிள்ளை விழப்போகுது, நீ நிண்டு சிரிக்கிறாய்!"

"சிரிக்கேல்லை... பயந்தெல்லோ காட்டினனான்..."

கையை உயர்த்தி முகத்தைத் தடவினாள். கன்னங்கள் மேலேறி இறுகியிருந்தன. உதடுகள் இரண்டு பக்கமும் இழுபட்டு விரிந்திருந்தன. விரல்களால் அழுத்திக் கீழே இழுத்தாள்.

இறங்கவில்லை.

"அம்மா," என்று பிள்ளை ஆசையோடு இரண்டு கைகளையும் அவளிடம் நீட்டினாள்.

யூட்சன் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தான்.