வேருக்குள் ஒரு திருடன்

வகுப்பின் தக்காளிப் பாத்தியில் ஒன்பது செடிகள் இருந்தன. நண்பகல் ஆனால் ஒன்பதும் தலையைத் தொங்கப் போட்டுவிடும். பழி முழுவதும் கொட்டாவியின் மேல் விழுந்தது. தண்ணீர் ஊற்றும் பொறுப்பு அவளுடையது. போதாததற்கு, பாட நேரத்தில் கொட்டாவி விட்டே அந்தப் பெயரை வாங்கியவள்.

"நீ தூங்கி வழிஞ்சா செடி எப்படிப் பொழைக்கும்?" என்றான் வகுப்புத் தலைவன். "நாளைக்குப் பூவாளியை வேற ஆள்கிட்ட குடுத்துடலாம்."

"நான் தினமும் ஊத்துறேன்," என்றாள் கொட்டாவி. கண் கலங்கிவிட்டது.

அவள் தோழி அவசரத்துக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவள் போல எப்போதும் ஓடுவதால் அவளுக்கு அந்தப் பட்டப்பெயர். பள்ளி விட்டதும் பாத்திக்குப் போய் மண்ணில் விரலை விட்டாள். ஈரமாகத்தான் இருந்தது. ஈர மண்ணில் நிற்கிற செடி ஏன் வாட வேண்டும்?

மிகவும் வாடிய செடி ஒன்றை மெல்லப் பிடுங்கினாள். வேரெல்லாம் முண்டும் முடிச்சுமாக இருந்தது. தேய்த்துப் பார்த்தாள், உதிரவில்லை. ஒரு பையில் போட்டுக் கட்டிக்கொண்டு அம்மாவிடம் ஓடினாள். நோய் கண்ட செடிகளை விவசாயிகள் கொண்டுவந்து காட்டும் ஆய்வுக்கூடத்தில் அம்மாவுக்கு வேலை.

வேரைப் பார்த்ததுமே அம்மா, "நூற்புழு," என்றாள்.

"எங்கம்மா? ஒண்ணையும் காணோமே!"

"வெறும் கண்ணுக்குத் தெரியாது. வேருக்குள்ள நுழைஞ்சு, எச்சில் துப்பிட்டு உட்கார்ந்திருக்கும்."

"ச்சீ!"

"அந்த எச்சில்லதான் விஷயமே இருக்கு. செடிக்கும் காவல் உண்டு. எது உள்ள வந்தாலும் மணி அடிச்ச மாதிரி உஷாராகி எதிர்த்துச் சண்டை போடும். இந்தப் புழுவோட எச்சில் அந்த மணியை அடிக்க விடாது. அதோட போச்சா? வேரையே ஏமாத்தி, தனக்குச் சாப்பாடு தயார் பண்ண வைக்கும். அதான் இந்த முடிச்சு."

"வந்த திருடனுக்கு வீட்டுக்காரங்களே பரிமாறுறாங்களா?"

"போதுமான்னு வேற கேட்டுப் பரிமாறுவாங்க."

"அப்ப எவ்வளவு தண்ணி ஊத்தினாலும்?"

"வேர் சரியா இழுக்காது. வெயில் ஏறினா வாடத்தான் செய்யும்."

கொட்டாவி தப்பித்தாள்! அவசரம் ஒரு துள்ளுத் துள்ளினாள். "சரி, இது எப்படிம்மா எங்க பாத்திக்கு வந்துச்சு?"

"தானா ரொம்ப தூரம் வராது. யாராவது மண்ணோட கொண்டுவந்து போட்டிருப்பாங்க."

துள்ளல் நின்றது. பாத்தி போட்ட அன்று ஒரு கூடை மண் குறைந்தது. புது மண் வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். அவளுக்கா அவ்வளவு பொறுமை? வீட்டுக்குப் பின்னால், கத்தரிச்செடி பட்டுப்போன தொட்டியைக் கவிழ்த்து மண்ணை அள்ளிக்கொண்டு போனாள். வகுப்பே கைதட்டியது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

புழு என்று மட்டும் சொன்னால் கொட்டாவி தப்பித்துவிடுவாள். மண்ணைப் பற்றி யார் கேட்கப் போகிறார்கள்? ஆனாலும் அன்று இரவு இரண்டு தடவை எழுந்து போய் அந்தக் காலித் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்தாள்.

மறுநாள் காலையில் வகுப்பில் வேரைக் காட்டினாள். புழுவின் தந்திரத்தைச் சொன்னாள். எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டார்கள்.

"கொட்டாவி ஒழுங்காத்தான் ஊத்தியிருக்கா. புழு வந்தது நான் கொண்டுவந்த மண்ணுலேருந்து," என்றாள். "செடி செத்த தொட்டி மண்ணு. யோசிக்காம அள்ளிட்டு வந்துட்டேன்."

எல்லோரும் கொட்டாவியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இப்ப என்ன பண்றது?" என்றான் வகுப்புத் தலைவன்.

"எல்லாச் செடியையும் வேரோட பிடுங்கிடணும். மண்ணை நல்லா நனைச்சு, பிளாஸ்டிக் விரிப்பால மூடி, ஒன்றரை மாசம் வெயில்ல விடணும்னு அம்மா சொன்னாங்க. அந்தச் சூட்டுல புழு நிறைய செத்துடும். இங்க தோண்டின மண்வெட்டியைக் கழுவாம வேற பாத்தியில போடவே கூடாது."

இடைவேளையில் அவசரமும் கொட்டாவியும் மீதி எட்டுச் செடிகளையும் பிடுங்கினார்கள்.

"ரெண்டு வாரமா நானே என்னை நம்பலைடி," என்றாள் கொட்டாவி. "ஊத்திட்டதா நெனச்சுக்கிட்டு, நிஜமா ஊத்தாம விட்டுட்டேனோன்னு."

அவசரத்துக்கு அழுகை வந்தது. "மன்னிச்சுக்கோடி," என்றாள்.

கொட்டாவி கடைசிச் செடியைப் பையில் போட்டாள். "மண்ணை எவ்வளவு நனைக்கணும்?"

"நல்லா ஊறணும்."

வகுப்புத் தலைவன் பூவாளியை நிரப்பித் தூக்கிக்கொண்டு வந்தான். அவசரம் கை நீட்டினாள். அவன் அவளைத் தாண்டிப் போய்க் கொட்டாவியிடம் கொடுத்தான்.