ஐந்தாவது டெர்மினல்

ஜூலியானா அந்த நர்சிங் ஹோமின் வாசலில் குடையை மடக்கியபோது பகல் மணி இரண்டரை. தொண்ணூற்று நான்காம் வருடத்து அக்டோபர் மழை, தீவு நகரமான ஜார்ஜ்டவுன் முழுவதையும் சாம்பல் நிறமாக்கியிருந்தது. ஒரு காலத்தில் சீன முதலாளி ஒருவர் குடும்பத்தோடு வாழ்ந்த மாளிகை அது. இப்போது கீழ்த்தளத்தில் பன்னிரண்டு கட்டில்களும் பின்பக்கம் ஓர் ஆபரேஷன் அறையும் இருந்தன. மேல்தளத்து வார்டை மட்டும் இரண்டு வருடமாகப் பூட்டி வைத்திருந்தார்கள். பகல்தான் என்றாலும் வராந்தாவில் எல்லா விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன.

அவள் ஒரு சிறிய கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தாள். கடலுக்கு அக்கரையிலுள்ள பாகான் டாலாமிலிருந்து தினமும் பெர்ரியில் வந்து போகிறவள். இங்கே வரவேண்டியவள் அவள் அல்ல. அவளுக்குக் கீழே வேலை செய்யும் வின்சென்ட் முந்தின நாள் வந்து, நோயாளிகளின் விவரங்களை வைத்திருக்கும் மென்பொருளை மாற்றிப் புதிய பதிப்பைப் போட ஆரம்பித்தான். மொத்தம் பதினோரு டிஸ்க். ஏழாவது டிஸ்க்கில் நின்றுவிட்டது. கருவிப் பையை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனவன், காலையில் போன் செய்தான்.

"அக்கா, நான் அங்க திரும்பப் போகமாட்டேன்லா."

"ஏன்? கரண்ட் போச்சா?"

"கரண்ட் எல்லாம் போகல." அவன் குரல் தணிந்தது. "அது ஒரு கேள்வி கேட்கும். ரெண்டை மட்டும் அமுக்காதீங்க."

போனை வைத்துவிட்டான்.

தலைமை நர்ஸ் பத்மாவதி அவளை மாடிப்படிக்குக் கீழே இருந்த அலுவலக அறைக்கு அழைத்துப் போனாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். யாழ்ப்பாணக் குடும்பம்; பேச்சில் அந்தச் சாயல் கொஞ்சம் ஒட்டியிருந்தது. இரண்டு நாளாகத் தூங்காதவள் போலக் கண்கள் சிவந்திருந்தன.

"ஐந்து மணிக்குள்ள செய்ய ஏலுமா பிள்ளை?"

"ஏன் சிஸ்டர், ஐந்து மணிக்கு என்ன?"

அப்புத்துரை என்ற ஓய்வுபெற்ற குமாஸ்தா, நிபோங் திபால் என்ற ஊரில் மோட்டார் சைக்கிளோடு கால்வாயில் விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு நொறுங்கியிருந்தது. சுயநினைவு இல்லை. ஐந்து மணிக்கு ஆபரேஷன். போன வருடமும் அவர் இங்கேதான் படுத்திருந்தார். அவர் உடம்புக்கு எந்த மருந்து ஆகாது என்பது அப்போது பதிவாகியிருக்கிறது. பதிவு கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. காகிதக் கோப்பு எழுதுவதை நிறுத்தி நாளாகிவிட்டது. கேட்டுச் சொல்ல வீட்டில் ஆளும் இல்லை.

"ஏதோ ஒரு மருந்து ஆகாதுன்னு மட்டும் எனக்கு ஞாபகம். எதுன்னு தெரியேல்ல" என்றாள் பத்மாவதி. கைக்குட்டையை விரல்களில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலியானா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பழைய மென்பொருளைப் பாதி அழித்தாகிவிட்டது. புதியது பாதிதான் வந்து சேர்ந்திருந்தது. இரண்டுமே ஓடாது. வின்சென்ட் எடுத்து வைத்த காப்பு டேப்பைப் போட்டுப் பார்த்தாள். அதுவும் ஏதோ ஒரு பதிவில் வந்து நின்றுபோனது. வேறு வழியில்லை, நின்ற இடத்திலிருந்து தொடர வேண்டியதுதான். ஏழாவது டிஸ்க்கைச் செருகிக் கட்டளையைத் தட்டினாள்.

மேம்படுத்தும் வேலையை வேறொருவர் செய்துகொண்டிருக்கிறார், காத்திருக்கவும் என்று திரையில் வந்தது.

இது வழக்கமாக வருவதுதான். பாதியில் நின்றுபோன வேலை ஒரு பூட்டை விட்டுவிட்டுப் போயிருக்கும். அதை நீக்கினால் போதும். நீக்கினாள். மறுபடி தட்டினாள். அதே பதில் வந்தது. அந்த வேறொருவர் யார் என்று இயந்திரத்தையே கேட்டாள். இரண்டு வரிகள் வந்தன. முதல் வரியில் அவள் பெயர். இரண்டாவது வரியில், ஐந்தாவது டெர்மினல், வள்ளி. டெர்மினல் என்றால் அந்த இயந்திரத்தோடு வயரால் இணைத்த தனித் திரையும் விசைப்பலகையும்.

"சிஸ்டர், உங்ககிட்ட மொத்தம் எத்தனை டெர்மினல்?"

"நாலு."

"ஐந்தாவதுல வள்ளின்னு ஒருத்தங்க உள்ள இருக்காங்களே."

பத்மாவதியின் பார்வை மேலே போனது. அவள் விரல்களில் சுற்றியிருந்த கைக்குட்டை அப்படியே நின்றது.

"ஐந்தாவது மேல இருந்துச்சு" என்றாள். "கழட்டிட்டம்."

ஜூலியானா அந்தப் பெயரைக் கட்டாயமாக வெளியேற்றினாள். வரி மறைந்தது. ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவதற்குள் திரும்ப வந்தது.

எங்கோ வயர் உரசுகிறது, தப்பான சிக்னல் போகிறது என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். சாவியை வாங்கிக்கொண்டு மேலே போனாள். பத்மாவதி படிக்கட்டின் அடியிலேயே நின்றுவிட்டாள்.

மேல் வார்டில் கட்டில்கள் இல்லை. அவை நின்ற இடங்களில் தரை மட்டும் வெளுத்துக் கிடந்தது. மரப்பலகைச் சன்னல்களுக்கு வெளியே மழை அறைந்தது. கோடியில் நர்ஸ்கள் உட்காரும் மேசை. அதன் மேல் எந்தக் கருவியும் இல்லை. சுவரிலிருந்து வந்த வயர் அறுபட்டு, செப்புக்கம்பி பல்லைக் காட்டிக்கொண்டு தொங்கியது. அது எதிலும் படவில்லை. எதையும் உரசவும் இல்லை.

மூக்கில் ஒரு வாடை ஏறியது. கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளை யூனிபார்ம் மழையில் நனைந்தால் வரும் வாடை.

அவள் திரும்பிப் பார்க்காமல் இறங்கினாள்.

கீழே அலுவலக அறையில் திரை மாறியிருந்தது. யாரும் எதையும் தட்டவில்லை. மேம்படுத்தும் வேலை தானாகவே முன்னேறி, ஒரு பதிவில் வந்து நின்றிருந்தது. இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு நோயாளி. அவருக்கு ஆகாத மருந்து என்ற இடத்தில் ஒன்றுக்கொன்று ஒவ்வாத இரண்டு பதிவுகள். எதை வைத்துக்கொள்வது என்று இயந்திரம் கேட்டது.

ஒன்று: பெனிசிலின் ஆகாது. பதிந்தவர் வள்ளி, காலை 10.40.

இரண்டு: எதுவும் இல்லை. பதிந்தவர் பத்மா, மாலை 4.15.

பிந்தி வந்த பதிவைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். அதுதான் தொழிலின் வழக்கம். வின்சென்ட் சொன்னது நினைவுக்கு வருவதற்குள் அவள் விரல் இரண்டின் மேல் விழுந்துவிட்டது.

விளக்குகள் மங்கின.

அவள் விரலை எடுக்கப் பார்த்தாள். முடியவில்லை. மேலிருந்து இன்னொரு விரல் அதன் மேல் அமர்ந்திருந்தது. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் நகத்தின் கூர்மை தெரிந்தது. ஈரம் தெரிந்தது. அந்தக் குளிர் எலும்பு வரை ஏறியது.

கஞ்சி வாடை காதருகே வந்து நின்றது.

"சேசுவே" என்றாள் ஜூலியானா.

அழுத்தம் விலகியது. விளக்குகள் பழையபடி எரிந்தன. திரையில் அதே கேள்வி. அவள் நகத்தின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தது.

எழுந்து ஓடியிருப்பாள். வின்சென்ட் ஓடினான் அல்லவா? ஆனால் கதவுக்கு வெளியே, ஆபரேஷனுக்குத் தயாராகத் தள்ளுகட்டிலில் கிடத்தியிருந்த அப்புத்துரையின் பாதங்கள் தெரிந்தன. பித்தவெடிப்பு விழுந்த, மண் காயாத பாதங்கள். மணி நான்கு இருபது.

இந்த முறை ஒன்றை அழுத்தினாள். திருத்தியவரே உறுதி செய்ய வேண்டும், பத்மாவின் கடவுச்சொல் தேவை என்று இயந்திரம் சொன்னது.

"சிஸ்டர்," என்றாள் ஜூலியானா, "கதவைச் சாத்திட்டு வாங்க."

பத்மாவதி வந்தாள். திரையைப் படித்தாள்.

"அழிச்சிட்டேன்னுதான் நினைச்சேன்" என்றாள்.

"அழிச்சாலும் உள்ள இருக்கும். மேலதான் தெரியாது. யார் இந்த வள்ளி?"

"வள்ளிநாயகி. என்ட மேல் வார்டு நர்ஸ் பிள்ளை. முப்பது வயசு." மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அவள் சரியாத்தான் எழுதினவள். பெரிய டாக்டர்தான் அதைப் பார்க்காம ஊசி போட்டார். ஆள் பத்து நிமிசத்தில போயிட்டார். நர்சிங் ஹோம் பேர் கெட்டுடும், அந்த வரியை எடுத்துடு பத்மான்னு டாக்டர் சொன்னார். நான் எடுத்தேன்."

"பழி?"

"அவள் மேல விழுந்துச்சு. நான் எழுதினேன் சிஸ்டர், எழுதினேன் சிஸ்டர்னு என்ட காலைப் பிடிச்சு அழுதாள். நீ எழுதல்லன்னு அவள்ட முகத்தைப் பார்த்தே சொன்னேன். எட்டு நாள் கழிச்சு யூனிபார்மைத் திருப்பிக் கொடுக்க வந்தவள், அதை உடுத்திக்கொண்டே வந்தாள். இதே மாதிரி மழை. மேல் வராந்தாவிலேருந்து…" கைக்குட்டையால் வாயைப் பொத்தி எடுத்தாள். "வழுக்கி விழுந்தாள்னு எழுதிக் கொடுத்தம்."

ஜூலியானா திரையில் கடவுச்சொல் கேட்ட இடத்தைச் சுட்டிக் காட்டினாள்.

"இதுல கையெழுத்துப் போட்ட மாதிரி ஆயிடும் சிஸ்டர்" என்றாள் ஜூலியானா மெதுவாக. "யார் கேட்டாலும் இது காட்டிக் கொடுக்கும். அப்புறம் உங்க வேலை, உங்க பேரு, எதுக்கும் நான் உறுதி சொல்ல முடியாது. ஆனா நீங்க போடலன்னா அந்த மனுசனோட பதிவு திறக்காது."

பத்மாவதி கதவுக் கண்ணாடி வழியே அந்தப் பாதங்களைப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள். விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். கடவுச்சொல்லை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். இரண்டு தடவை தவறியது. மூன்றாவது தடவை அவள் தோளுக்குப் பின்னால் யாரோ குனிந்து பார்ப்பது போல, திரையின் கண்ணாடியில் வெள்ளையாக ஏதோ அசைந்தது.

இருவருமே பார்த்தார்கள்.

டிஸ்க் சுழலத் தொடங்கியது.

எட்டு. ஒன்பது. பத்து. ஒவ்வொன்றாகச் செருகும்போது ஜூலியானா மணியைப் பார்த்துக்கொண்டாள். பதினொன்று முடிந்து புதிய மென்பொருள் எழுந்து நின்றபோது மணி நான்கு ஐம்பத்தொன்று. யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று கேட்டுப் பார்த்தாள். அவள் பெயர் மட்டும்தான் வந்தது. ஐந்தாவது டெர்மினல் என்ற ஒன்றே புதிய பதிப்பில் இல்லை.

"போயிட்டாளா?" என்றாள் பத்மாவதி. சின்னப் பிள்ளை கேட்பது போலிருந்தது.

"பேர் இல்ல சிஸ்டர்."

பத்மாவதி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இரண்டு வருடத்து அழுகை அது. ஜூலியானா அப்புத்துரையின் பதிவைத் திறந்தாள். பெனிசிலின் ஆகாது, மூச்சுக்குழாய் வீங்கும் என்று தெளிவாக இருந்தது. வெளியே தள்ளுகட்டில் இல்லை. அவரை ஏற்கனவே உள்ளே கொண்டு போய்விட்டார்கள். ஜூலியானா பாய்ந்து இன்டர்காமை எடுத்தாள். ஆபரேஷன் அறையில் ரொஸ்னா என்ற இளம் நர்ஸ் எடுத்தாள்.

"ஆபீஸ்லேருந்து பேசுறேன். அப்புத்துரைக்குப் பெனிசிலின் போட்டுடாதீங்க, அவருக்கு ஆகாது!"

"தெரியும்க்கா, போடல" என்றாள் ரொஸ்னா நிதானமாக. "ஊசியைக் கையில எடுக்கும்போதே போன் வந்துடுச்சு. மாத்திட்டோம். ஆள் நல்லா இருக்காரு."

ஜூலியானா பெருமூச்சு விட்டாள். பிறகுதான் உறைத்தது.

"யார் போன் பண்ணாங்க?"

"மேல் வார்டு நர்ஸ் மிஸி ஒருத்தங்க. பேரு சொல்லல. நான் வேலைக்குச் சேர்ந்து மூணு வாரம்தான் ஆகுது, மேல யாரையும் எனக்குப் பழக்கம் இல்லலா." ரொஸ்னா போனை வைக்கப் போனவள், எதையோ நினைத்துக்கொண்டு திரும்பப் பேசினாள். "அக்கா, சிஸ்டர் பத்மாவதி அங்கதான இருக்காங்க? அந்த மிஸி ஒண்ணு கேட்கச் சொன்னாங்க. சிஸ்டருக்கு டூட்டி எத்தனை மணிக்கு முடியும், முடிஞ்சதும் மேல வருவாங்களான்னு."

ஜூலியானா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

பத்மாவதி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "என்னவாம் பிள்ளை?"