டிஸ்க் முழுக்கப் பூஜ்யம்

காலை 10.05. தெருவே 'டாக்டரம்மா' என்று கூப்பிடும் அந்தப் பெண்ணுக்குத் தொழில், அழிந்த ஹார்ட் டிஸ்க்குகளிலிருந்து தகவலை மீட்டுத் தருவது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியும் இந்த டிஸ்கில் ஒரு எழுத்துகூடச் சிக்கவில்லை. புதிதாக ஏற்றிய லினக்ஸ் என்ற இயங்குதளம் ஒரு மூலையில் இருந்தது. மீதி முழுக்கப் பூஜ்யம்.

எதிரே தாயும் மகனும். இரண்டு மாதமாக இருவருக்கும் பேச்சு இல்லை.

"இவன் அப்பா போய் ஒரு வருஷம்மா," என்றாள் தாய். "கம்ப்யூட்டர் அவருக்கு அத்துப்படி. பத்து வருஷமா தினம் டைரி டைப் பண்ணுவார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பின அன்னிக்குக்கூட காலை பூரா கதவைச் சாத்திட்டு அதுலதான் உக்காந்திருந்தார். வாயைத் திறந்து என்கிட்ட ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்ல. அதுலயாவது என்னைப் பத்தி ஒரு வரி இருக்கும்னு ஏங்கிக் கிடந்தேன். படிக்கத் தைரியம் வந்து இவன்கிட்ட அறைச் சாவியைக் குடுத்தா, குடியைக் கெடுத்துட்டான்."

"அதுவரைக்கும் அறையை யார் திறந்தாங்க?"

"யாருமில்ல. சாவி என் கைப்பையிலயேதான்."

டாக்டரம்மா மகன் பக்கம் திரும்பினாள்.

"ஏன் தம்பி லினக்ஸ் போட்டே?"

"ஆன் பண்ணினேன், ஒண்ணும் வரலக்கா. சிஸ்டம் கெட்டுப்போச்சு, புதுசா போட்டா டைரி வந்துடும்னு..."

"நல்லா நினைச்சே போ. எத்தனை மணிக்கு?"

"அன்னிக்குக் காலைல ஒன்பதுக்கு ஆரம்பிச்சேன். ஒன்பதரைக்கு முடிஞ்சுது. பத்துக்கு ஆபீஸ்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள்.

"அம்மா, உங்க பையன் அசடு. ஆனா அழிச்சது இவன் இல்ல. லினக்ஸ் ஏத்தினா பழசு மேல கொஞ்சம்தான் எழுதும். மீதி அடியில கிடக்கும், நான் எடுத்துடுவேன். இது மூலை முடுக்கு விடாம பூஜ்யம் எழுதித் துடைச்சது. இந்த டிஸ்குக்கு மூணு மணி நேரமாவது ஆகும். இவனுக்கு இருந்தது அரை மணி. ஆன் பண்ணும்போதே ஏன் ஒண்ணும் வரல? அதுக்கு முன்னாடியே துடைச்சாச்சு. பூட்டின அறை, சாவி உங்ககிட்ட. கடைசியா காலை பூரா அதுல உக்காந்தது யாரு?"

தாய் மேஜை மேலிருந்த டிஸ்கைத் தொட்டாள்.

"எனக்குன்னு ஒரு வரிகூட விடக்கூடாதுன்னா துடைச்சுட்டுப் போனார்?"

டாக்டரம்மா துப்புத் துலக்கியதற்காக முதல்முறையாகத் தன் நாக்கைச் சபித்துக்கொண்டாள்.

மகன் நாற்காலியை அம்மாவின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"அக்கா கணக்கு தப்பும்மா. அன்னிக்கு நான் ஆபீஸ் போகல. சிஸ்டம் நல்லாதான் வந்துச்சு. டைரியைப் படிச்சேன். அப்புறம்தான் தெரியாம அழிச்சுட்டேன். பக்கம் பக்கமா உன்னைப் பத்திதான் இருந்துச்சு."

பச்சைப் பொய். டாக்டரம்மா வாயைத் திறக்கவில்லை.

தாய் மகனின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னடா எழுதியிருந்தார்?"