அக்காவுக்காக நடந்தவள்

பால் சொசைட்டிக்குப் போய்விட்டுக் கால்வாயோரச் சானல்கரை வழியாகத் திரும்பிய பூங்கனி, வழக்கம்போல ஞானபாய் வீட்டுப் பின்வாசலில் செருப்பைக் கழற்றினாள். வழக்கத்துக்கு மாறாக அடுக்களையில் மூன்று குரல்கள் கேட்டன. அதில் ஒன்று குவைத்திலிருந்து வந்துகொண்டிருந்தது.

ஞானபாய் அவளுக்கு ஓரகத்தி. புருஷன் ஜஸ்டஸின் அண்ணன், காலஞ்சென்ற ஹெட்மாஸ்டர் சாரின் மனைவி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பூங்கனி அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டாள், அக்கா சொன்னதைத் தட்டியதும் கிடையாது. ஞானபாயின் ஒரே மகன் ஷைஜுவுக்குச் சின்ன வயதில் சோறு ஊட்டியதில் பாதி பூங்கனியின் கைதான். அவன் இப்போது குவைத்தில் வேலை பார்க்கிறான். அவன் மனைவி ஜெஸ்மி மாமியாரோடு ஊரில் இருக்கிறாள்.

பூங்கனி உள்ளே நுழைந்தாள். மேசையில் புட்டும் பழமும். சம்பா அரிசி டப்பாவில் சாய்த்து வைத்த போனில் ஷைஜுவின் முகம். ஜெஸ்மி அலமாரியைக் கவிழ்த்துப் போடாத குறையாக எதையோ தேடிக்கொண்டிருந்தவள், திரும்பிப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். பூங்கனியின் இடது கையில், ஈரத் துண்டுக்குக் கீழே, ஷைஜு அம்மாவுக்கென்று அனுப்பிய ஸ்மார்ட்வாட்ச் மினுக்கிக்கொண்டிருந்தது.

அது அங்கே எப்படிப் போனது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

ஞானபாய்க்குச் சுகர் இருக்கிறது என்று தெரிந்ததும் கருங்கல் டாக்டர் மாத்திரை எழுதி, தினமும் நடக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சேதி குவைத்துக்குப் போனதும் ஷைஜுவின் அறையில் ஒரு பட்டிமன்றமே நடந்தது. வெறும் நடைக்கு ஸ்மார்ட்வாட்ச் எதற்கு, கையில் இருக்கிற போனே அடி எண்ணுமே என்றார்கள் கூட இருந்தவர்கள். அம்மாவின் போன் எப்போதும் பிரிட்ஜுக்கு மேலேதான் இருக்கும், பிரிட்ஜ் நடந்தால் அது எண்ணும் என்றான் ஷைஜு. நைட்டியில் ஏது பாக்கெட்? கடைசியில் சிம் போட்ட வாட்சாகவே வாங்கினான். போன் பக்கத்தில் இல்லாவிட்டாலும் எத்தனை அடி, எந்த இடம் என்று அது தானாகவே அவனுக்குச் சேதி அனுப்பிவிடும். அம்மா ஒழுங்காக நடந்து, உடம்பும் தேறினால் அது வாங்கியதற்குத் தகும், பிறகு சித்திக்கும் ஜெஸ்மிக்கும் ஆளுக்கொன்று என்று அறிவித்தான். சார்ஜ் போடவே ஒரு ஆள் வேண்டும், கையில் கட்டுகிற அலங்காரம் என்பது ஜெஸ்மியின் கட்சி.

வாட்சோடு வெள்ளை ஷூவும் வந்தது. ஷூ பெட்டியோடு அலமாரிக்குப் போயிற்று. வாட்சைக் கட்டிக்கொண்டு ஒரு நாள் காலையில் ஞானபாய் ரோட்டில் இறங்கினாள். ததேயுஸின் பலசரக்குக் கடை வரைக்கும் நன்றாகத்தான் போனாள். அங்கே அவன் எங்கே போகிறீர்கள் அக்கா என்று கேட்டான். நம் ஊரில் எதிரே வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்விதான். ஆனால் ஹெட்மாஸ்டர் சாரின் மனைவி, எங்கே போனாலும் ஆட்டோ வாசலில் வந்து நிற்கும் வீட்டுக்காரி, ஒரு சோலியும் இல்லாமல் சும்மா நடக்கிறேன் என்று எப்படிச் சொல்வாள்? அரைக்கிலோ சீனி வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டாள்.

மறுநாள் பூங்கனியைக் கூப்பிட்டாள்.

"ஏட்டி, நீ எப்படியும் சொசைட்டிக்கு நடக்கத்தானே செய்யுத. இத உனக்க கையில கெட்டிக்கிட்டுப் போ. பயலுக்கு மனசு சந்தோசமா இருக்கும். ஆருட்டயும் பறையாத... சத்தியம் பண்ணு."

பூங்கனிக்குப் பிடிக்கவில்லை. இது பொய்யில்லையா அக்கா என்று ஒரு தரம் கேட்டும் பார்த்தாள். ஞானபாயின் முகம் வாடியதைப் பார்த்ததும் கையை நீட்டிவிட்டாள். அன்றிலிருந்து பால்தூக்கோடு வீசி வீசிப் பூங்கனி நடந்தாள். காலையில் பிந்தி எழும்பும் ஜெஸ்மி அடுக்களைக்கு வருமுன் வாட்ச் திரும்பி வந்துவிடும். நல்ல பெயர் ஞானபாய்க்குப் போயிற்று. அம்மாவின் நாடித்துடிப்பு இளம்பெண்ணுடையதுபோல இருக்கிறது என்று ஷைஜு அறையெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டான்.

எல்லாம் ரத்தப் பரிசோதனை வரைக்கும்தான். இத்தனை நடந்தும் சுகர் குறையவில்லை, கூடியிருந்தது. வாட்ச்தான் போலி என்று முடிவு கட்டிய ஷைஜு, அம்மா நடக்கிற நேரம் பார்த்து அன்று வீடியோவில் கூப்பிட்டான். அம்மா புட்டில் பழம் பிசைந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, நீங்க எனக்க முன்ன இருந்து புட்டு தின்னுதிய. உங்களுக்க வாச்சு சானல்கரையில நடக்குது. அது எப்படி?"

பிடிபட்ட பயத்தில் ஞானபாயின் வாயில் முதலில் வந்தது, வாட்சைக் காணவில்லை என்பதுதான். சத்தம் கேட்டு எழுந்துவந்த ஜெஸ்மி தேடத் தொடங்கினாள். அந்த நேரத்தில்தான் பூங்கனி உள்ளே வந்தாள்.

ஜெஸ்மி சத்தம் போடவில்லை. கேட்டிருந்தால் ஒரு நாள் கட்டிப் பார்க்கத் தந்திருப்போமே சித்தி என்று மெல்லக் கேட்டாள். அதுகூடப் பரவாயில்லை. போனிலிருந்து ஷைஜு சொன்னதுதான் நெஞ்சில் தைத்தது.

"சித்தி... ஆசைன்னா எனக்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்பிடாதா? உங்களுக்கு வாங்கித் தரமாட்டேனா?"

தான் ஊட்டிய சோற்றைத் தின்று வளர்ந்த பிள்ளை, கோபப்படாமல், இரக்கப்பட்டுக் கேட்டான். பூங்கனி ஞானபாயைப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். ஞானபாய் தட்டை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. உண்மையைச் சொல்லப் பூங்கனிக்கும் நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் பெற்ற தாய் ஏமாற்றினாள் என்று பிள்ளைக்குத் தெரிந்துபோகும். அவள் விழுங்கிக்கொண்டாள்.

வாட்சைக் கழற்றி, முந்தானையால் துடைத்து, மேசையில் வைத்தாள்.

"வெள்ளம் பட்டிருக்கு அக்கா... நல்லா தொடச்சு வையுங்க."

அவ்வளவுதான் சொன்னாள். பின்வாசல் வழியாக வந்தவள் முன்வாசல் வழியாக இறங்கிப் போனாள்.

அந்த வாரம் அவளுக்கு முள்மேல் கழிந்தது. இந்த மாதிரிச் சேதிக்கு நம் ஊரில் ஆள் அனுப்ப வேண்டியதில்லை. சொசைட்டியில் ஒருத்தி அவள் வெறுங்கையை ஒரு மாதிரிப் பார்த்தாள். வேதக்கோயிலில் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் பக்கத்தில் இருந்தவள், பர்ஸை எடுத்து மறுபக்கம் வைத்துக்கொண்டாள். ரப்பர் வெட்டிவிட்டு வந்த ஜஸ்டஸ் இதைக் கேள்விப்பட்டுக் கொதித்துப் போய், மைனி ஞானபாயிடம் நேரே போய்க் கேட்கிறேன் என்று கிளம்பினான். பூங்கனி வாசலை மறித்து நின்றாள். நீ எடுத்தாயா இல்லையா, அதையாவது சொல் என்றான். எடுக்கவில்லை என்றாள். அப்படியென்றால் யார் தந்தது என்றான். அதற்கு அவள் அழுதாள். ஜஸ்டஸ் அதற்குமேல் கேட்கவில்லை. உன்னை எனக்குத் தெரியும் என்று மட்டும் சொல்லிவிட்டு அவளுக்கு ஒரு சாயா போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். அந்தச் சாயாவில் சீனி போட மறந்திருந்தான். அவள் அதையும் குடித்தாள்.

சனிக்கிழமை காலையில் பூங்கனி முற்றத்தில் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். ரோட்டோரம் தையல்கடை வைத்திருக்கும் ஸ்மைலின், கழுத்தில் டேப்பைக் கூடக் கழற்றாமல் ஓடிவந்தாள்.

ஞானபாய் மாமி நடந்து வருகிறாளாம்! ஆட்டோ இல்லை, குடை இல்லை, காலில் வெள்ளை ஷூவாம். சேலைக்குக் கீழே ஷூவைப் பார்த்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிரிக்க, அவள் கண்டுகொள்ளவே இல்லையாம். ததேயுஸ் கடை வாசலில் வழக்கமான கேள்வியைக் கேட்டிருக்கிறான். அதற்கு அவள் சொன்ன பதிலில் அவன் நிறுத்துக்கொண்டிருந்த பயறு தட்டை விட்டு வழிந்து கீழே கொட்டிவிட்டதாம்.

"என்ன சொன்னா?" என்றாள் பூங்கனி. கையில் சாளை அப்படியே இருந்தது.

ஸ்மைலின் மூச்சு வாங்கினாள். "பூங்கனி வீட்டுக்குப் போறேன், செய்யாத களவுக்கு நான் அவள கள்ளி ஆக்கிட்டேன், மன்னிப்பு கேக்கப் போறேன்னு சொல்லுது சித்தி. ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் ஆரு கேட்டாலும் அதத்தான் சொல்லுது."

அவள் சொல்லி முடிப்பதற்குள் ததேயுஸே கடையைப் பாதியில் போட்டுவிட்டு ஸ்கூட்டரில் வந்து இறங்கினான். அக்கா பாலம் தாண்டிவிட்டாள் என்றான். வண்டியில் ஏறுங்கள் என்று கெஞ்சியும் ஏற மாட்டேன் என்றுவிட்டாளாம். பின்னாலேயே ஜெஸ்மி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வருகிறாள், போனில் ஷைஜு இருக்கிறான், அவன் பாட்டுக்கு அழுதுகொண்டிருக்கிறான் என்றும் சொன்னான். ஐக்கியத்துப் பெண்கள் இரண்டு பேர், பர்ஸை மாற்றி வைத்தவள் உட்பட, என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று கூடவே வருகிறார்கள். பூங்கனிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஜஸ்டஸ் ஓடிப்போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றான்.

ஞானபாய் வாசலுக்கு வந்து சேர்ந்தாள். முகமெல்லாம் வியர்வை, கண்ணாடி மூக்கு நுனியில் இறங்கியிருந்தது. படி ஏறாமல் வெளியிலேயே நின்றாள்.

"உள்ள வரட்டா பிள்ளே?"

பூங்கனி கையிலிருந்த சாளையைச் சட்டியில் போட்டுவிட்டு எழுந்தாள்.

"வாச்ச நீ எடுக்கல்ல. நான்தான் உனக்க கையில கெட்டி விட்டேன். நீ நடந்த, நான் பேரெடுத்தேன். அன்னைக்கு எனக்க பிள்ள முன்னால பயந்துபோயி... உன்னக் கொண்டு பலி குடுத்துட்டேன் மோளே." ஞானபாய் சுற்றியிருந்தவர்களைப் பார்த்தும் அதையே இன்னொரு தரம் சொன்னாள். குரல் உடைந்தது, ஆனால் நிறுத்தவில்லை.

"ஒரு வார்த்த அக்கா..." என்றாள் பூங்கனி. "அன்னைக்கு ஒரே ஒரு வார்த்த பறைஞ்சிருக்கலாமே. கள்ளின்னு ஊரு சொன்னது போட்டும். ஷைஜு எனக்க முகத்தப் பாத்து, வாங்கித் தரமாட்டேனான்னு கேட்டானே... அதத்தான் தாங்க முடியல்ல."

சாளை வாடை அடிக்கிற கையோடு ஓடிப்போய் ஞானபாயைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் வாசலில் நின்று வாய்விட்டு அழுதார்கள். ஜெஸ்மியும் அழுதுகொண்டே சித்தியின் தோளைப் பிடித்தாள். அவள் கையிலிருந்த போனில் வானமும் தென்னை ஓலையும் மாறி மாறித் தெரிவதாக ஷைஜு குவைத்திலிருந்து முறையிட்டான்.

போனை நிமிர்த்திப் பிடித்தபோது அவன் பூங்கனியிடம் மன்னிப்புக் கேட்டான். உனக்கு ஊட்டின கைதாம்லே இது, கோவப்படாது என்றாள் அவள். அவனுக்குத் தைரியம் வந்துவிட்டது. சரி, வாட்ச் கொள்ளாமா கொள்ளாதா, வாங்கியதற்குத் தகுமா தகாதா, அதையாவது முடிவாகச் சொல்லுங்கள் என்றான். ஜெஸ்மி ஏதோ சொல்ல வாயெடுக்குமுன் ஞானபாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"கொள்ளாம் மக்களே. அது ஒருநாளும் பொய் பறையல்ல. நான்தான் பறைஞ்சேன்."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அப்படியென்றால் சித்திக்கு ஒன்று இந்த மாதமே வாங்கி அனுப்புகிறேன் என்றான் ஷைஜு. பூங்கனி வேண்டாம் என்று தலையாட்டினாள். "நான் எம்புட்டு நடந்தேன்னு உனக்க அம்மைக்குத் தெரியும். எனக்கு அது போதும்."

அக்கா நொண்டுவதைப் பூங்கனி அப்போதுதான் கவனித்தாள். வற்புறுத்தி நாற்காலியில் உட்கார வைத்து, தரையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். உள்ளேயிருந்து கசங்கிய காகித உருண்டை ஒன்று வந்து விழுந்தது. மற்றதிலும் ஒன்று. கடைக்காரன் ஷூவின் வடிவம் கெடாமல் இருக்க வைத்தது.

"அது மெத்தைக்கு வச்சிருக்குன்னுல்லா நெனச்சேன்" என்றாள் ஞானபாய். ஜஸ்டஸ் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய்விட்டான். ததேயுஸும் ஸ்மைலினும் அடக்கவே பார்க்கவில்லை. ஜெஸ்மி தரையில் உட்கார்ந்து சிரித்தாள். குவைத்தில் இன்னும் நாலு பேர் சிரிக்கிற சத்தம் கேட்டது.

பூங்கனி மட்டும் சிரிக்கவில்லை. அக்காவின் கால்விரல்கள் சிவந்து, சுண்டுவிரலில் தோல் உரிந்திருந்தது. அவள் அந்தக் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"இந்தக் காலோடயா அக்கா இம்புட்டு தூரம் வந்திய... எனக்காவவா நடந்திய?"

"உனக்காவதான்டி" என்றாள் ஞானபாய். "எனக்காவன்னா ததேயுஸ் கடையோட திரும்பியிருப்பேன்."

பூங்கனி அப்போதுதான் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அக்காவின் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு, அந்த வாரம் முழுக்க அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்து அழுது தீர்த்தாள்.