செத்தவர் சொன்ன பங்கு!

“ஐயோ... போச்சே... எல்லாம் போச்சே...!”

காத்மாண்டுவின் புதலிசடக் தெருவையே உலுக்கியது அந்த அலறல்.

இன்ஸ்பெக்டர் கேதார் ரிஜால் ஜீப் நிற்பதற்குள் குதித்தார். டீக்கடைக்குள் பாய்ந்தார். மேஜையடியில் ஒரு டம்ளர் கவிழ்ந்து கிடந்தது. டீ இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. விழுந்த ஆளை அப்போதுதான் ஆம்புலன்ஸ் அள்ளிக்கொண்டு போயிருந்தது.

அலறிய பெண்ணின் அருகே போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அவர் உங்க வீட்டுக்காரராம்மா?”

“யாரு?”

“விழுந்தவரு...”

“அட, குருவா? நான் அதுக்கு அழல சார். திரிவேணி ஓட்டல் பங்கு பதினோரு ரூபா இறங்கிடுச்சு!”

அவள் ரத்னசோபா. பியூட்டி பார்லர் வைத்திருப்பவள். மேஜையில் இன்னும் இரண்டு பேர். ஓய்வு பெற்ற வாத்தியார் யக்ஞராஜ், இரும்புக்கடை தீர்த்தமான். மூன்று பேரும் போனை விட்டுத் தலை நிமிரவில்லை.

குரு என்று இந்தத் தெருவே கும்பிட்ட டம்பர் பந்த், பங்குச் சந்தைக்கு ஜோசியம் சொல்லிப் பிழைத்தவர். அவர் வாங்கு என்றால் காத்மாண்டுவில் பாதிப்பேர் மனைவியின் நகையை விற்றாவது வாங்குவார்கள். கேதாரும் ஒரு காலத்தில் வாங்கியவர்தான்! மனைவி பிந்துவின் தங்க வளையல் ரெண்டும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. இனிமேல் தொடமாட்டேன் என்று பசுபதிநாதர் மேல் சத்தியம் வாங்கிவிட்டுத்தான் அவள் சோறு போட்டாள்.

செல்போன் சிணுங்கியது. அவளேதான்.

“என்னங்க, புதலிசடக்லதான் நிக்கிறீங்களாமே?”

“கேஸும்மா... கேஸு...”

“கேஸோ கீஸோ... அங்க எவன் என்ன சொன்னாலும் காதுல வாங்காதீங்க. நம்ம பொண்ணு அஸ்மிதாவோட ஆஸ்திரேலியா காலேஜ் பீஸ் மாசக் கடைசிக்குள்ள கட்டணும். பணம் என் கணக்குல பத்திரமா இருக்கு. அது மேல கண்ணு போச்சு... அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்!”

“சத்தியம்தான் பண்ணியாச்சே தாயே!”

வைத்தார். உடனே மறுபடி ஒலித்தது. இந்த முறை ஆஸ்பத்திரி.

“வரும்போதே பிணம் சார். வாயில பூச்சி மருந்து வாடை. டீயிலதான் கலந்திருக்கணும்.”

கொலை!

கேதார் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை.

“குரு எப்போ விழுந்தாரு?”

“இண்டெக்ஸ் ரெண்டாயிரத்து எழுநூறுக்குக் கீழ போச்சு பாருங்க, அப்போ,” என்றார் வாத்தியார்.

“கடிகாரத்துல என்ன மணி?”

“அதை யாரு சார் பாத்தா? முதல்ல இண்டெக்ஸ் விழுந்துச்சு. அடுத்தது குரு.”

“டீயில யாராவது எதையாவது கலந்ததைப் பாத்தீங்களா?”

“போனைத்தான் சார் பாத்துட்டிருந்தேன்,” என்றாள் ரத்னசோபா. “நாளைக்குக் கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணு பண்ணணும்னு ஆரம்பிச்சாரு. என்ன பண்ணணும்னு சொல்றதுக்குள்ள விழுந்துட்டாரு. எந்தக் கம்பெனின்னு சொல்லிட்டு விழுந்திருக்கக் கூடாதா?”

“நீங்க?”

தீர்த்தமான் துண்டால் முகத்தைத் துடைத்தான். “நானும் தலையே தூக்கல சார். குனிஞ்ச தலை நிமிரல. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன்.”

மூன்று சாட்சிகள். ஆறு கண்கள். எல்லாம் போனில் ஓடும் விலை மேல்! பக்கத்தில் ஒருத்தன் உயிர் போவதை எவனும் பார்க்கவில்லையாம். வேறு எந்தத் தெருவில் சொன்னாலும் பச்சைப் பொய் என்று அறைந்திருப்பார். இந்தத் தெருவில் நம்பத்தான் வேண்டியிருந்தது.

யோசித்தார்.

கொலைகாரன் மட்டும் நிச்சயம் பார்த்திருப்பான்!

தொண்டையைச் செருமினார்.

“குரு ஆஸ்பத்திரியில உயிர் போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொன்னாராம்...”

மூன்று தலைகளும் போனை விட்டு நிமிர்ந்தன.

வாய்க்கு வந்த உருப்படாத கம்பெனியைச் சொன்னார். “காலிஜோர் நீர்மின்.”

காலிஜோர் மலையில் ரெண்டு வருஷம் வேலை பார்த்தவர் அவர். அங்கே அணையும் இல்லை, கரண்டும் இல்லை. ஒரு பெயர்ப் பலகை உண்டு. அதில் ஒரு ஆடு கட்டியிருக்கும்.

ரத்னசோபாவின் கட்டைவிரல் பறந்தது. வாத்தியார் கண்ணாடியைக் கூடப் போடாமல் அமுக்கினார். “ஐநூறு கித்தா பங்கு... ஐயோ, கிடைக்குமா? கிடைச்சுடுச்சு!”

தீர்த்தமான் மட்டும் அசையவில்லை. உதட்டோரம் லேசான சிரிப்பு.

“என்ன, இரும்புக்கடை சாவ்ஜி, நீங்க வாங்கலையா?”

“விடுங்க சார். பிணம் எங்கயாவது பேசுமா? ஆம்புலன்ஸ் வர்றதுக்கு முன்னாடியே மூச்சு நின்னுடுச்சு. நாடியே இல்ல. நானே பிடிச்சு...”

நிறுத்தினான். லேட்!

“தலையே தூக்கலன்னீங்க?”

“சார்... அது வந்து...”

ஹவல்தார் ஜித் மகர் கதவை மறித்தான். தீர்த்தமான் பொத்தென்று பெஞ்சில் உட்கார்ந்தான். உடைந்து அழுதான்.

“கடையை அடகு வெச்சுத் திரிவேணி ஓட்டல் வாங்கினேன் சார். இவன் பேச்சைக் கேட்டுத்தான்! இன்னிக்குக் காலையில கூப்பிட்டு, நாளைக்கு எல்லாரையும் கண்ணை மூடிக்கிட்டு விக்கச் சொல்லப் போறேங்கறான். விக்க சார்... விக்க! இவன் சொன்னா ஊரே விக்கும். நான் நடுத்தெருவுலதான் நிக்கணும்!”

“என்னது, விக்கச் சொல்லப் பாத்தானா?” ரத்னசோபா துள்ளி எழுந்தாள். “அடப்பாவி! நல்லவன்னு நெனச்சேனே! என்கிட்டயும் எண்ணூறு கித்தா திரிவேணி இருக்கே!”

“சார்,” என்றார் வாத்தியார் தயங்கி. “இதுக்கெல்லாம் கொலைக் கேஸ் போடுவீங்களா என்ன?”

கேதார் தலையில் அடித்துக்கொண்டார்.

திடீரென்று வாத்தியாருக்கு உறைத்தது. “ஒரு நிமிஷம்... குரு இங்கயே செத்துட்டாருன்னா... காலிஜோர்?”

“நான் விட்ட புளுகு.”

ரத்னசோபா ஒரு விநாடிதான் வெளிறினாள். அடுத்த விநாடி போனில் மடமடவென்று தட்ட ஆரம்பித்தாள்.

“என்னம்மா பண்றீங்க?”

“பார்லர் குரூப்புல போடறேன் சார். போலீஸ் வட்டாரத்துலேருந்து உறுதியான தகவல்னு. நாலு பேர் வாங்கினாத்தானே விலை ஏறும்? ஏறினதும் நான் கழட்டி விட்டுடுவேன்.”

“சரிதான்! எவ தலையில கட்டப் போறீங்க?”

“எவளாவது ஒரு ஏமாந்த சோணகிரி கிடைக்காமலா போயிடுவா?”

தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. கொலைகாரனைப் பிடித்த குஷியில் விழுந்து விழுந்து சிரித்தார்!

சந்தை மூடிய நேரத்தில் கைதியோடு ஜீப் கிளம்பியது. செல்போன்... பிந்து!

“என்னங்க... கோபப்படாதீங்க...” குரலில் தேன் ஒழுகியது. “நீங்கதான் அசடு. எனக்கு அதிர்ஷ்டம் இருக்குங்க! பார்லர் ரத்னசோபா குரூப்புல ஒரு தகவல் வந்துச்சு...”

கேதார் இடைமறித்தார்.

“பிந்து... எவ்வளவு போட்ட?”

“எல்லாத்தையும்தான்! பீஸ் கட்டின மிச்சத்துல என் வளையலையும் மறுபடி வாங்கிடலாம். காலிஜோருங்க! பெரிய அணையாமே?”

ஆடு கண் முன்னால் வந்து ‘மே’ என்றது.

மகள் முகமும் வந்தது. ராத்திரி பகலாக இங்கிலீஷ் பரீட்சைக்குப் படித்த பெண். இன்று இரவு சோற்றுத்தட்டின் எதிரே உட்கார்ந்து அவளிடம் என்ன சொல்வார்? தன் வாயால் சொன்ன பொய், ஊரைச் சுற்றிவிட்டு நேராக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. நாளைக் காலையில் பத்திரிகைக்காரர்களிடம் உண்மையைச் சொன்னால், சந்தை திறந்ததும் காலிஜோர் பாதாளம்!

மறுபடி ஒலித்தது. டி.எஸ்.பி.!

“ரிஜால்! கொலைகாரன் மாட்டிட்டானாமே?”

“ஆமா சார்... ஆனா நாளைக்குப் பத்திரிகைக்காரங்க...”

“மூச்சு விடக் கூடாது! குரு ஆஸ்பத்திரியிலதான் செத்தாரு. காலிஜோர்னு சொல்லிட்டுத்தான் செத்தாரு. புரியுதா?”

“சார்... நீங்களுமா?”

“மூவாயிரம் கித்தா. என் பொண்டாட்டியும் அதே பார்லர்தான்யா! வாங்கினது கணக்குல வந்து ஏற ரெண்டு நாள் ஆகும். வித்து முடிக்கிற வரைக்கும் கேஸ் விசாரணையில இருக்கு. அவ்வளவுதான்!”

லைன் கட்.

பின் சீட்டில் விலங்கோடு தீர்த்தமான் விம்மினான். “சார்... மனசு உறுத்துது சார். வாக்குமூலம் எழுதிக்குங்க. குருவை டீக்கடையிலயே கொன்னது நான்தான்...”

கேதார் பாய்ந்து அவன் வாயைப் பொத்தினார்.

“அவசரப்பட்டு ஒத்துக்காதய்யா... காலிஜோர் கொஞ்சம் ஏறட்டும்!”